ஊர் தெரியாத பதினொரு கற்கள்

ஆடியில் குடிபோகக் கூடாது என்று அம்மா சொன்னதைக் கேளாமல், பதினான்கு ஆண்டுப் புனே வாழ்க்கையை மூட்டை கட்டிக்கொண்டு சென்ற ஜூலையில் கோயம்புத்தூருக்குத் திரும்பினோம். நல்ல மாதம், கெட்ட மாதம் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஜூலையில் புனேயில் மழை கொட்டும் என்பதற்கு எவருடைய நம்பிக்கையும் தேவையில்லை. லாரியின் தார்ப்பாய் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கிழிசலுக்கு நேர் கீழே, ஆண்டுக்கணக்காக நான் சேர்த்த கனிமப் படிகங்கள் அடங்கிய மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றைத் தவிர எல்லாக் கற்களும் பத்திரமாகவே இருந்தன. பாறைக்குள் நீரில் ஊறிக் கிடந்தே வளர்ந்தவற்றை இரண்டு நாள் மழை என்ன செய்துவிடும்? போனவை சீட்டுகள். ஒவ்வொரு கல்லின் அடியிலும் விரல் நீளத் தாள் ஒன்றில், கனிமத்தின் பெயர், எந்தக் குவாரி அல்லது கிணறு, எந்த ஊர், எந்த மாவட்டம், யாரிடமிருந்து, எந்த நாளில் என்பதையெல்லாம் மைப் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். அவ்வளவும் நீலக் கூழாகியிருந்தன. ரசீதுகள், கைபேசிப் படங்கள், நினைவு ஆகிய மூன்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு 63 கற்களில் 52-க்கு மறுபடியும் சீட்டு எழுதிவிட்டேன். மீதமுள்ள 11 கற்களும் என்ன கனிமம் என்பது எனக்குத் தெரியும்; எந்த ஊர் என்பது தெரியாது.

"கல் பத்திரமாக இருக்கிறதே, சீட்டுப் போனால் போகட்டும்" என்று இங்குள்ள நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் ஏன் என்னிடம் எடுபடவில்லை என்பதை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் அவருக்கு விளக்க முடியவில்லை என்பதால், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கனிமம் சேர்ப்பவர் தேடும் கல் வேறு, நகைக்கடைக்காரர் தேடும் கல் வேறு. நகைக்கடைக்காரருக்குக் கல்லின் உள்ளே நிறமும் தெளிவும் இருந்தால் போதும். வடிவத்தை அவர் பட்டை தீட்டி உண்டாக்கிக்கொள்வார். எங்களுக்கோ, படிகம் தானாக வளர்த்துக்கொண்ட முகங்களும் முனைகளும் உடையாமல் இருக்க வேண்டும். உளியும் சாணையும் அதன்மீது பட்டிருக்கக் கூடாது. முடிந்தால், அது முளைத்த தாய்ப்பாறையில் ஒரு துண்டும் அதனோடு ஒட்டியிருக்க வேண்டும். எந்த ராசிக்கு எந்தக் கல் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால், இந்த வேலைக்கு வீட்டில் இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

நான் வாங்கிய முதல் கல் ஒரு மோசடி. புனேக்குப் போன முதல் ஆண்டில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அஜந்தா குகைகளைப் பார்க்கச் சென்றிருந்தோம். குகைகளுக்குப் போகும் பேருந்து நிற்கும் இடத்தில், கை நிறையக் கற்களோடு விற்பனையாளர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களில் ஒருவர், தேங்காய் மூடியைப் போல இரண்டாகப் பிளந்த கல் ஒன்றை நீட்டினார். உட்புறம் முழுவதும் அடர்ந்த ஊதா நிறத்தில் படிகங்கள் மின்னின. ஆயிரத்து ஐந்நூறு என்று தொடங்கிய விலையை நானூறுக்குக் கொண்டுவந்து விட்டதில் எனக்குப் பெரிய பெருமை. வீட்டுக்கு வந்து அம்மா அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். வாளித் தண்ணீர் ஊதாவாயிற்று, கல் வெள்ளையாயிற்று. சாதாரணக் குவார்ட்ஸுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். அதிலும் வேடிக்கை, நாங்கள் காலை முழுவதும் எந்தப் பாறையில் குடைந்த குகைகளுக்குள் நின்றிருந்தோமோ, அதே வகைப் பாறையில்தான் சாயம் எதுவும் வேண்டாத அசல் படிகங்கள் விளைகின்றன என்பது அன்று எனக்குத் தெரியாது.

அந்தப் பாறை பசால்ட். மராத்தியிலும் அதைக் கருங்கல் என்றே சொல்கிறார்கள். ஆனால் நம் கோயில்களில் காணும் கருங்கல்லோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம்முடையது பூமியின் ஆழத்தில் உருவானது. பசால்ட்டோ நிலத்தின்மேல் வழிந்து, விரைவாக உறைந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தக்காணத்தின் நிலப்பிளவுகளிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் படிந்தது. அரித்துப் போனது போக இன்று மிஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அதன் மொத்தத் தடிமன் 2 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. தோசைக் கல்லில் மாவு வேகும்போது ஆவி வெளியேறும் இடங்களிலெல்லாம் துளை விழுவதைப் போல, அந்தக் குழம்பு உறையும்போது அதில் அடைபட்ட வாயுக்கள் குழிகளை விட்டுச் சென்றன. பட்டாணி அளவிலான குழியும் உண்டு, ஆள் நுழையும் அளவிலான குழியும் உண்டு.

பிறகு நீரின் முறை. பாறையின் வெடிப்புகள் வழியாக இறங்கிய வெந்நீர், போகிற வழியில் சிலிக்கா, அலுமினியம், கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு வந்து, இந்தக் குழிகளில் தேங்கி, மெல்ல ஆறி, சுமையை இறக்கி வைத்தது. குழம்பு உறைந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு நடந்த வேலை இது. பாகுக்குள் நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு எடுப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை: அசைக்காமல், அவசரப்படாமல் விட்ட பாகில்தான் கட்டி பெரிதாக விளையும். என் அலமாரியில் இருக்கும் ஸ்கோலசைட் என்னும் படிகத்தைப் பார்த்து அம்மா முதலில் கேட்டதும் "இது என்ன, கற்கண்டா?" என்றுதான்.

இப்படி விளைந்தவற்றில் பெரும்பாலானவை சியோலைட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1756-ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த அக்ஸல் கிரான்ஸ்டெட் இத்தகைய கல் ஒன்றைச் சூடாக்கியபோது, அது நுரைத்துப் பொங்கியது. கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்பட அந்தப் பெயரை அவர் வைத்தார். பொங்கியதற்குக் காரணம், இந்தக் கனிமங்களின் அணு அமைப்பிலேயே சிறு அறைகள் இருப்பதும், அவற்றில் நீர் குடியிருப்பதும் ஆகும். இவற்றில் ஸ்டில்பைட் வெளிர் ஆரஞ்சு நிறத்தில், நடுவில் கட்டிய நெற்கதிர்க் கட்டைப் போல இரு பக்கமும் விரிந்து நிற்கும். ஹியூலண்டைட், உறைந்த கண்ணாடித் தகடுகளைப் போல முத்துப் பளபளப்போடு இருக்கும். ஸ்கோலசைட், ஒரு புள்ளியிலிருந்து ஊசி ஊசியாய்ச் சிதறும். இவற்றோடு கூடவே வளர்ந்தாலும் சியோலைட் குடும்பத்தைச் சேராத அப்போஃபிலைட்தான் என்னைப் போன்றவர்களின் பணப்பையைக் காலி செய்வது. கண்ணாடியைப் பழிக்கும் தெளிவும், நான்கு பக்கக் கூம்பாய் முடியும் முனையும் கொண்ட அது, வனேடியம் என்னும் உலோகம் சிறிதளவு கலந்தால் பச்சை நிறம் பெறும். அந்தப் பச்சையை இளந்தளிர் என்பதா, கடல் என்பதா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

ஒகெனைட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழிக்குள் வெள்ளைப் பஞ்சு உருண்டைகளைப் பதித்து வைத்ததைப் போல இருக்கும் இதன் இழைகள் உண்மையாகவே வளையும். பார்ப்பவர் எவரும் தொட்டுப் பார்க்காமல் இருப்பதில்லை. தொட்ட இடம் படிந்து போனால் மறுபடியும் எழுவதில்லை. லாரி மழையில் அழிந்த அந்த ஒரே கல் இதுதான். நனைந்த பூனைக்குட்டியைப் போல ஆகிவிட்டது.

இனி கேவன்சைட். கால்சியம், வனேடியம், சிலிகேட் ஆகிய சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் இது. 1967-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1973-இல் புதுக் கனிமமாக விவரிக்கப்பட்டபோது, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு தேட வேண்டிய சிறு துகள்களாகவே அது இருந்தது. பிறகு புனேயின் கிழக்கே, அகமதுநகர் சாலையில் உள்ள வாகோலி கல்குவாரிகளில், வெள்ளை ஸ்டில்பைட்டின் மேல் மயில்கழுத்து நீலத்தில் சிறு பூக்களாகக் கொத்துக் கொத்தாய் வெளிப்பட்டது. உலகின் எந்த அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கத்தக்க கேவன்சைட் இருக்குமானால், அதன் சீட்டில் வாகோலி என்றுதான் எழுதியிருக்கும் என்று துணிந்து சொல்லலாம். என் வாடகை வீட்டிலிருந்து அந்தக் குவாரிகளுக்கு அரை மணி நேரப் பயணம். அங்கே போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

குவாரி என்றால் படிகச் சுரங்கம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அது சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லி உடைக்கும் இடம். வெடி வைத்து, பாறையைச் சரித்து, பொக்லைனால் வாரி, கிரஷரில் கொட்டுகிறார்கள். வெடி வைத்த பிறகு, சரிந்த பாறையில் எங்காவது குழி திறந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர்கள் அங்கே வேலை செய்பவர்கள்தான். முகாதம் என்று மராத்தியில் அழைக்கப்படும் மேஸ்திரி ஒருவர் எனக்குப் பழக்கமானார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத அவர், பாறை முகப்பைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தே, "இங்கே சிவப்பு மண் பட்டை ஓடுகிறது, அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது, மேலே தேடுங்கள்" என்று சொல்வார். எந்த வரிசையில் எது படியும் என்பதும் அவருக்குத் தெரியும். குழியின் சுவரில் பச்சைக் களிமண் போன்ற மெல்லிய பூச்சு, அதன்மேல் ஹியூலண்டைட், அதன்மேல் ஸ்டில்பைட், எல்லாவற்றுக்கும் பிறகு அப்போஃபிலைட் அல்லது கால்சைட் என்பது பெரும்பாலும் காணும் அடுக்கு. கனிமங்களின் பெயர்களை அவர் தம் வாய்க்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்தார். இடங்களின் பெயர்களில் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

சேகரிப்பவர்கள் பூமியைச் சூறையாடுகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. சில நாடுகளில், சில மலைகளில் அது உண்மை. ஐஸ்லாந்தின் டெய்கார்ஹார்ன் கடற்கரையில் சியோலைட் எடுக்கத் தடை இருப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் தக்காணத்துக் குவாரியில் ஒருவர் குனிந்து எடுக்காத படிகம், அன்று மாலையே முக்கால் அங்குல ஜல்லியாகிவிடும். புனேயின் சாலைகளுக்கு அடியில் எத்தனை அப்போஃபிலைட் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு வண்டி ஓட்டவே மனம் வராது.

குவாரிகளைவிடக் கிணறுகளே சில சமயம் அதிகம் கொடுத்திருக்கின்றன. அந்தப் பக்கத்து விவசாயக் கிணறுகள் வாய் அகன்றவை; பாறையை வெடிவைத்துத் தகர்த்தே ஆழப்படுத்துகிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் அன்றைய அகமதுநகர் மாவட்டத்து ராகுரிக்கு அருகே மோமின் ஆகாடா என்ற ஊரில் வெட்டிய கிணற்றில், பச்சை அப்போஃபிலைட் உருண்டைகள் ஸ்டில்பைட்டின் மேல் அமர்ந்த நிலையில் கிடைத்தன. நூற்றுக்கணக்கான முனைகளும் ஒவ்வொரு திசையில் ஒளியைத் திருப்பியதால், நடன அரங்கில் தொங்கும் கண்ணாடி உருண்டையின் பெயரையே வெளிநாட்டு வணிகர்கள் அவற்றுக்கு வைத்துவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் வந்ததும் அந்த விளைச்சல் முடிந்தது. இனி அந்தச் சீட்டோடு ஒரு கல் வரவேண்டுமென்றால், ஏற்கெனவே வைத்திருப்பவர் எவராவது விற்க வேண்டும்.

சீட்டின் மதிப்பு இங்கேதான் தொடங்குகிறது. மூடிய சுரங்கமும் நிரம்பிய கிணறும் திரும்ப வருவதில்லை. புனேக்குள்ளேயே இருந்த பாஷாண் குவாரிகளின் பச்சை அப்போஃபிலைட் ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பேசப்பட்டது. இன்று நகரம் அந்தப் பக்கத்தையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. மும்பையின் மலாடு, காந்திவலி குவாரிகளின் கதையும் அதுவே. நமீபியாவின் சூமெப் சுரங்கம் முந்நூறுக்கும் மேற்பட்ட கனிம வகைகளைத் தந்துவிட்டு 1996-இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கத்தின் பெயர் சீட்டில் இருந்தால், கட்டைவிரல் அளவுக் கல்லுக்கும் மரியாதை வேறு. அமெரிக்காவின் கொலராடோவில் 1873-இல் வெள்ளிக்காகத் திறக்கப்பட்ட ஸ்வீட் ஹோம் சுரங்கத்தில், வேண்டாத கல்லென்று பழைய தொழிலாளர்கள் ஒதுக்கிய சிவப்பு ரோடோக்ரோசைட்டுக்காகவே பிற்காலத்தில் சுரங்கத்தை மறுபடியும் திறந்தார்கள். 1992-இல் அங்கே கிடைத்த 'ஆல்மா கிங்' என்னும் பெரும் படிகம் டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெருவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ரோடோக்ரோசைட் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பழகிய கண் அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாது. பழகாத கண்ணுக்குத்தான் சீட்டு வேண்டும்.

ஊர்ப்பெயரை எழுதுவதிலும் தேர்ச்சி வேண்டும். மும்பைக்கும் புனேக்கும் இடையே 1863-இல் திறக்கப்பட்ட 'போர் காட்' மலை இரயில் பாதைக்காகப் பாறையை வெட்டியபோது வெளிப்பட்ட சியோலைட்டுகள் கப்பல் ஏறி ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. அந்தக் காலத்துச் சீட்டுகள் பலவற்றில் வெறுமனே 'பூனா' என்றே இருக்கும். பூனா என்பது அந்தக் கல் பிறந்த இடமா, வண்டி ஏறிய இடமா? கோல்கொண்டா வைரம் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். கோல்கொண்டா சந்தை இருந்த கோட்டை, வைரம் கிடைத்ததோ கிருஷ்ணை ஆற்றங்கரையின் கொல்லூர் போன்ற இடங்களில். இன்று வட மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் நகருக்கு அதே நிலை. வணிகர்கள் பலர் அங்கே இருப்பதால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எடுத்த கல்லும் ஜல்காவ் கல்லாகிவிடுகிறது. வணிகரிடம் வற்புறுத்திக் கேட்டால், "நாசிக் பக்கம் என்று போட்டுக்கொள்ளுங்களேன்" என்று பெருந்தன்மையோடு சொல்வார்.

சில கற்களுக்கு ஊர் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கொரண்டம் என்று உலகம் முழுவதும் வழங்கும் கனிமப் பெயர் நம் 'குருந்தம்' என்னும் சொல்லிலிருந்து போனது. மாணிக்கமும் நீலமும் அதன் நிற வகைகள். நிறமற்ற மட்டமான குருந்தக்கல்லைப் பொடித்து, அரக்கோடு சேர்த்துச் சாணை செய்வது இங்கே பழைய தொழில். இங்கிலாந்தின் சார்ல்ஸ் கிரேவில் அந்தச் சாணைக்கல்லில் ஆர்வம் கொண்டு, இந்தியாவிலிருந்து மாதிரிகளை வரவழைத்து ஆராய்ந்து, 1798-இல் அதைப் பற்றி எழுதினார். அவருடைய கனிமச் சேகரிப்பு 1810-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாங்கப்பட்டது. சேலம், நாமக்கல், காங்கேயம் பக்கத்து எவரோ மண்ணைக் கிளறி எடுத்த ஒன்றுக்கு அவர் வாயில் வழங்கிய பெயரே அறிவியலின் பெயராக நிலைத்ததை, தமிழில் கனிமம் பற்றி எழுதுகிற எவரும் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லிவிட்டேன்.

சீட்டு இல்லாததால் வந்த சிக்கலுக்கு, என் 11 கற்களையும் மிஞ்சும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1945 அக்டோபரில், அயர்லாந்தின் டப்ளின் நகரில், ரிச்சர்ட் டாஃபே என்னும் இரத்தின ஆய்வாளர், நகைக்கடையிலிருந்து கிடைத்த பட்டை தீட்டிய கற்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பினல் என்னும் இரத்தினம் என்று எண்ணிய வெளிர் ஊதாக் கல் ஒன்றினூடே பார்த்தபோது, கோடுகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் அப்படித் தெரியக் கூடாது. இலண்டன் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அது எவரும் அறியாத புதுக் கனிமம் என்று உறுதியாகி, அவர் பெயராலேயே டாஃபைட் ஆயிற்று. பாறையிலிருந்து எடுத்த படிகத்தை ஆராயாமல், பட்டை தீட்டிய கல்லிலிருந்தே ஒரு புதுக் கனிமத்தைக் கண்டுகொண்டது அதுவே முதல் முறை. ஆனால் அது எங்கிருந்து வந்தது? நகைப்பெட்டிக்குள் அதற்குச் சீட்டு இல்லை. பட்டை தீட்டியவர் தாய்ப்பாறையின் கடைசித் துணுக்கையும் நீக்கியிருந்தார். உலகத்துக்கே புதிய ஒரு பொருள் கையில் இருக்கிறது, அதைத் தேடி எந்தத் திசையில் போவது என்று தெரியவில்லை. அதே வகைக் கற்கள் பின்னர் இலங்கையில் கிடைத்தன. அங்கே இரத்தினம் கிடைக்கும் சரளைப் படிவுக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வேறு விதமாகக் கேட்பதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

உலகச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. 1955-இல் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு தொடக்கப்பள்ளியில் தொடங்கிய கண்காட்சி, இன்று ஆண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்தின் விடுதி அறைகளையெல்லாம் கடைகளாக்கும் திருவிழாவாகிவிட்டது. தக்காணத்துக் கற்கள் அங்கே பெட்டி பெட்டியாகப் போகின்றன. பிரான்சின் சாந்த்-மாரி-ஓ-மீன் என்னும் பழைய வெள்ளிச் சுரங்க ஊரில் ஜூன் மாதத்தில் இன்னொன்று நடக்கிறது. இரண்டுக்கும் போனதில்லை. நாசிக்குக்கு அருகே சின்னரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்துக்கு மட்டும் நான்கு முறை போயிருக்கிறேன். கார்கோட்டி என்பது நாம் சிறுவயதில் உரசித் தீப்பொறி பறக்கவிட்ட வெங்கச்சங்கல்லுக்கு மராத்தியில் வழங்கும் பெயர். வெங்கச்சங்கல் என்று பெயர் வைத்து நம் பக்கத்தில் எவரும் ஓர் அருங்காட்சியகம் திறப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திறந்தால் முதல் நாள் வரிசையில் நிற்பேன்.

ஏமாற்று வேலைகளுக்குக் குறைவே இல்லை. பிரேசிலின் செவ்வந்திக்கல் என்னும் ஊதாக் குவார்ட்ஸைச் சூடாக்கி மஞ்சளாக்கி, சிட்ரின் என்னும் இயற்கை மஞ்சள் குவார்ட்ஸ் என்று விற்கிறார்கள். ஒகெனைட் உருண்டைக்கு மருதாணி நிறத்திலும் மிட்டாய் நிறத்திலும் சாயம் ஏற்றுகிறார்கள். உதிர்ந்த கேவன்சைட் பூவை வேறொரு ஸ்டில்பைட்டின் மேல் பசை வைத்து ஒட்டுகிறார்கள். புற ஊதாக் கைவிளக்கை அடித்தால் பல பசைகள் வெளுப்பாய் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இவற்றைவிட எனக்குக் கோபம் வருவது பொய்ச் சீட்டைக் கண்டால்தான். சாயத்தைக் கழுவலாம், பசையைக் கரைக்கலாம். அதிக விலை போகும் என்பதற்காக மூடிய குவாரியின் பெயரை எழுதி விற்ற கல், அடுத்தடுத்த கைகளுக்கு அந்தப் பொய்யோடுதான் போகும். நல்ல பெயர் எடுத்த வணிகர் ஒருவரிடம் அப்படி ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். தாய்ப்பாறை அவர் சொன்ன ஊரின் பாறை இல்லை என்று முகாதம் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனபோது, வணிகர் கல்லை வாங்கிக்கொள்ளவில்லை. வேறு ஊரின் பெயர் எழுதிய இன்னொரு சீட்டைக் கொடுத்தார்.

கற்கள் அழியாதவை என்று எண்ணுவதும் தவறு. மனோசிலை என்று சித்த மருத்துவர்கள் அறிந்த சிவப்பு ரியல்கர், வெளிச்சத்தில் வைத்தால் சில காலத்தில் மஞ்சள் பொடியாக உதிரும். லாமோன்டைட் என்னும் சியோலைட், பாறையை விட்டு வெளியே வந்ததும் உள்நீரை இழந்து நொறுங்கும். எல்லாவற்றிலும் கொடுமையானது மார்கசைட். இரும்பும் கந்தகமுமான அது ஈரக்காற்றில் கெட்டுக் கந்தக அமிலத்தைக் கசியவிட்டு, தானும் அழிந்து, அடியில் இருக்கும் சீட்டையும் அரித்துவிடும். என்னிடம் இருந்த ஒரு மார்கசைட் லாரி மழைக்கு முன்பே தன் சீட்டைத் தின்றிருந்தது. அப்போதே நான் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குத் தம் செல்வத்தை விட்டுச் சென்ற ஜேம்ஸ் ஸ்மித்சன் ஆயிரக்கணக்கான கனிமங்களைச் சேர்த்தவர். 1865 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் கட்டடத்தில் பிடித்த தீயில் அவருடைய சேகரிப்பு அழிந்தது. துத்தநாகக் கார்பனேட்டுக்கு வைத்த ஸ்மித்சோனைட் என்னும் பெயரில் அவர் மிஞ்சியிருக்கிறார்.

இப்போது ஒவ்வொரு கல்லின் அடியிலும், தாய்ப்பாறையின் மேல், அரிசி அளவு வெள்ளை வண்ணப் புள்ளி வைத்து, அதன்மேல் அழியாத மையால் எண் எழுதுகிறேன். அந்த எண்ணுக்குரிய செய்தி ஒரு நோட்டுப் புத்தகத்திலும், கணினியிலும், தங்கையின் வீட்டில் இருக்கும் ஒரு நகலிலும் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலைதான் இது. பதினான்கு ஆண்டுகள் இதைச் செய்யாமல் இருந்ததற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் இல்லை.

11 கற்களை என்ன செய்வது? தாய்ப்பாறையைக் கொண்டு ஊரைக் கண்டுபிடிக்கக் கூடாதா என்று நண்பர் கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல், சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை என்பதை தாமஸ் ஹாலண்ட் என்னும் புவியியலாளர் கண்டுகொண்டு, 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். ஆனால் தக்காணத்துப் பசால்ட், நாசிக்கிலும் புனேயிலும் கைத்துண்டாகப் பார்த்தால் ஒரே கறுப்புதான். முகாதத்துக்குப் படங்களை அனுப்பினேன். மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, நான்கைந்து கற்களைப் பற்றி "இது வாகோலியாக இருக்கலாம், அது ஜல்காவாக இருக்கலாம்" என்று சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கையில் எடுத்துப் பார்க்காமல் எழுத வேண்டாம், சார்" என்றார்.

அந்த 11 கற்களும் இப்போது கீழ்த்தட்டில் தனியாக இருக்கின்றன. அவற்றுக்கும் எண் போட்டுவிட்டேன். சீட்டில் கனிமத்தின் பெயர், நீள அகலம், எடை, 'புனேயில் வாங்கியது' என்ற குறிப்பு ஆகியவை இருக்கின்றன. ஊர் என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அடுத்த தீபாவளி விடுமுறையில் அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு முகாதத்தைப் பார்க்கப் போவதாக இருக்கிறேன். இந்த முறை கைப்பையில், என் மடியில்.